படத்தின் முகவரி ஒன்று, சேர்விலக்கம் வேறொன்று

எந்தப் பாடசாலை அலுவலகத்திலும் ஒரு சேர்வுப் பதிவேடு இருக்கும். பிள்ளை பாடசாலையில் சேரும் நாளில் அதில் அவளுக்கென ஓர் இலக்கம் விழுகிறது. அந்த இலக்கத்துக்குச் சில நல்ல குணங்கள் உண்டு. ஓர் இலக்கம் ஒரு பிள்ளைக்கு மட்டுமே உரியது. வகுப்பு மாறினாலும், வீடு மாறினாலும் அது மாறுவதில்லை. பிள்ளை விலகிப் போனாலும் அதே இலக்கம் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கப்படுவதில்லை. பெயர் அப்படியல்ல. ஒரே வகுப்பில் மூன்று பாத்திமாக்கள் இருப்பது எமக்குப் புதினமில்லை. வீட்டு முகவரியும் அப்படியல்ல. ஒரே முகவரியிலிருந்து ராத்தாவும் தங்கச்சியும் வருவார்கள். அடுத்த வருடம் அந்தக் குடும்பம் வேறு தெருவுக்குப் போய்விடும்.

இணையத்தளத்தில் ஏற்றப்படும் ஒவ்வொரு படத்துக்கும் இதுபோன்ற ஒரு சேர்விலக்கம் உண்டு. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அவருக்குத் தெரிவது உலாவியின் மேற்பட்டியில் தோன்றும் நீண்ட முகவரி மட்டுமே. முகவரி கையில் இருக்க, இலக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லூரி இணையத்தளத்தைப் பராமரிக்கும் மாணவர் குழுவில் ஒருத்தி என்ற வகையில் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. இது கணினி படிப்பவர்களுக்கு மட்டும் உரிய விடயமல்ல. தம் பிள்ளையின் படம் இணையத்தில் இருப்பதை விரும்பாத பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

இரண்டு இடங்களில் இருக்கும் ஒரு படம்

பாடசாலைகள், பத்திரிகைகள், சிறு நிறுவனங்கள் ஆகியவற்றின் இணையத்தளங்களிற் பல வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் இயங்குகின்றன. இது 2003ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் திகதி வெளியானது. அமெரிக்கரான மாட் மல்லன்வெக்கும் பிரித்தானியரான மைக் லிட்டிலும், அதற்கு முன்பிருந்த ஒரு மென்பொருளைத் தழுவி இதை உருவாக்கினார்கள். எவரும் பணமின்றிப் பயன்படுத்தலாம், திருத்தியமைக்கவும் செய்யலாம். ஆகவே நான் சொல்லப்போகும் செயன்முறையை வேர்ட்பிரஸை வைத்தே விளக்குகிறேன்.

நாம் ஒரு படத்தை ஏற்றும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவதாக, படக் கோப்பு சேவையகத்தின் வன்தட்டில் ஒரு கோப்புறைக்குள் போய் அமர்கிறது. இரண்டாவதாக, தரவுத்தளத்தில் அந்தப் படத்தைப் பற்றிய ஒரு பதிவு எழுதப்படுகிறது. படத்தின் தலைப்பு, ஏற்றிய நாள், ஏற்றியவர், கோப்பு இருக்கும் இடம் என்பன அந்தப் பதிவைச் சார்ந்த விவரங்கள். கோப்பைப் பிள்ளை என்று வைத்துக்கொண்டால், பதிவு என்பது அலுவலகப் பதிவேட்டில் அவளுக்குரிய வரி. வரியின் தொடக்கத்தில் இருக்கும் எண்தான் நாம் தேடும் அடையாள இலக்கம்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்போர் இதை முதன்மைச் சாவி என்ற பெயரில் அறிவார்கள். தரவுகளை அட்டவணைகளாக அடுக்கி, ஓர் அட்டவணையை இன்னொன்றுடன் சாவிகளால் இணைக்கும் இந்த முறையை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கொட் 1970ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார். பரீட்சைக்காக நாம் மனனம் செய்யும் சொற்கள் எங்கே வேலை செய்கின்றன என்று கேட்பவர்களுக்கு இதோ ஓர் இடம்.

வேர்ட்பிரஸின் தரவுத்தளத்தில் போஸ்ட்ஸ் என்றோர் அட்டவணை உண்டு. செய்திகள், பக்கங்கள், படங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அட்டவணையிலேயே இலக்கம் கொடுக்கப்படுகிறது. ஒரு செய்தியைத் திருத்திச் சேமிக்கும்போது உருவாகும் பழைய வடிவங்களுக்கும் அதே வரிசையில்தான் இலக்கம் விழும். அதனால் அடுத்தடுத்து ஏற்றிய இரு படங்களின் இலக்கங்கள் 1847, 1853 என்று தாவியிருக்கலாம். இடையிலுள்ள எண்கள் காணாமற் போகவில்லை. வேறு பதிவுகளுக்குப் போயிருக்கின்றன.

இதனோடு போஸ்ட்மெட்டா என்று இன்னோர் அட்டவணையும் உண்டு. ஒவ்வொரு பதிவையும் பற்றிய மேலதிக விவரங்கள் அதில் இருக்கும். இன்ன இலக்கமுடைய பதிவுக்கு, இன்ன பெயருடைய விவரம், இன்ன பெறுமானம் என்பதே அதன் அமைப்பு. படத்தின் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற விவரம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. எமது தேடல் முடிவது அந்த அட்டவணையில்.

பக்கம் போனாலும் படம் போகாது

இலக்கம் எதற்கு வேண்டும் என்று கேட்கலாம். சென்ற தவணையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எட்டாம் தரத்தில் படித்தபோது பரிசு பெற்ற ஒரு மாணவியின் படம் கல்லூரி இணையத்தளத்தில் செய்தியோடு வெளியாகியிருந்தது. பழைய செய்திகளை வழமைபோல் நீக்கியபோது அந்தச் செய்தியும் நீங்கிவிட்டது. சில மாதங்களின் பின் அவளது வாப்பா பொறுப்பாசிரியையிடம் வந்தார். அவரது தொலைபேசியில் ஓர் இணைப்பு இருந்தது.

“டீச்சர், அந்த நியூஸ எடுத்தாச்சு எண்டு சொன்னாங்க. இந்த லிங்க்க அமத்தினா மகள்ட படம் இன்னும் வருதே. அது ஏன்?”

ஆசிரியை என்னை அழைத்து, “மகள், இதக் கொஞ்சம் பாருங்க” என்றார்.

அவருடைய கேள்வி மிகச் சரியான கேள்வி. வேர்ட்பிரஸில் ஒரு செய்தியை அழித்தால் அந்தச் செய்தியின் பதிவு மட்டுமே போகும். அதிலிருந்த படத்துக்குத் தனிப் பதிவும் தனி இலக்கமும் இருப்பதால் அது அப்படியே இருக்கும். சுவரொட்டியைக் கிழித்தாலும் அதை அச்சடித்த தகடு அச்சகத்தில் இருப்பதைப் போன்றது இது. படத்தின் நேரடி முகவரியை வைத்திருக்கும் எவரும் எப்போதும் அதைத் திறக்கலாம்.

படத்தை ஏன் நீக்கக் கேட்கிறார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அது தேவையுமில்லை. பிள்ளையின் முகம் பிள்ளையினுடையது. பாடசாலையிடம் அது ஓர் அமானிதம். ஆனால் நீக்குவதற்கு அந்தப் படத்தின் பதிவைக் கண்டுபிடிக்க வேண்டும். தளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும்போது கண்ணால் தேடுவது நடக்கிற காரியமல்ல. கையில் இருந்தது முகவரி மட்டுமே.

முகவரியைப் பிரித்து வாசித்தல்

முகவரி பார்க்கக் குழப்பமாகத் தெரிந்தாலும் ஒழுங்கானது. உண்மையில் அது ஆங்கில எழுத்துகளில் இருக்கும். இங்கே வாசிப்பதற்காகத் தமிழெழுத்தில் தருகிறேன். எண்களுக்கு நடுவே நான் இட்டிருக்கும் பெருக்கற் குறியின் இடத்தில் அங்கே எக்ஸ் என்ற எழுத்து இருக்கும்.

எமதுகல்லூரி.எல்கே/டபிள்யூபி-கன்டென்ட்/அப்லோட்ஸ்/2023/05/பரிசளிப்பு-1024×768.ஜேபிஜி

முதலில் இருப்பது தளத்தின் பெயர். அடுத்து, ஏற்றப்பட்ட கோப்புகள் எல்லாம் சேரும் கோப்புறை. அதற்குள் 2023 என்ற வருடக் கோப்புறை. அதற்குள் 05 என்ற மாதக் கோப்புறை. ஆகவே படம் 2023 மே மாதத்துக்குரியது என்று முகவரியே சொல்லிவிடுகிறது. கடைசியில் இருப்பது கோப்பின் பெயர்.

கோப்புப் பெயரின் வாலில் இருக்கும் 1024×768 என்ற பகுதியைக் கவனியுங்கள். அதை நாம் வைக்கவில்லை. ஒரு படத்தை ஏற்றியதும் வேர்ட்பிரஸ் அதைப் பல அளவுகளிற் பிரதியெடுத்து வைக்கிறது. தொலைபேசியில் பார்ப்பவருக்குப் பெரிய படத்தை அனுப்பி அவருடைய டேட்டாவை வீணாக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஏற்றினால், வழமையான அமைப்பில் 150×150, 300×225, 768×576, 1024×768, 1536×1152, 2048×1536 என ஆறு பிரதிகள் உருவாகும். 2019ஆம் ஆண்டு வந்த 5.3ஆம் பதிப்பு முதல், 2560 புள்ளிகளை விடப் பெரிய படங்களுக்கு அந்த அளவுக்குக் குறைத்த இன்னொரு பிரதியும் ஆக்கப்படுகிறது. அதன் பெயரின் வாலில் ‘ஸ்கேல்ட்’ என்ற சொல் ஒட்டப்படும். இவற்றோடு நாம் ஏற்றிய மூலக் கோப்பும் அப்படியே இருக்கும்.

எண்ணிப் பாருங்கள். ஆறு பிரதிகள், குறைத்த பிரதி ஒன்று, மூலம் ஒன்று. ஒரு படத்துக்கு எட்டுக் கோப்புகள், எட்டு முகவரிகள். ஆனால் பதிவு ஒன்று, அடையாள இலக்கமும் ஒன்று. தளத்தின் தோற்ற வடிவமைப்பு வேறு அளவுகளையும் கேட்டிருந்தால் கோப்புகளின் எண்ணிக்கை இன்னும் கூடும். அந்த வாப்பாவின் தொலைபேசியில் இருந்தது இவற்றில் ஒன்றின் முகவரி மாத்திரமே. அதை மட்டும் அழித்திருந்தால் மற்ற ஏழும் இருந்திருக்கும்.

தேடும் ஒழுங்கு

இனித் தேடலுக்கு வருவோம். படிகளின் ஒழுங்கு முக்கியம்.

முதற்படி, முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் அதன் பின்னே ஏதேனும் எழுத்துகளும் இருந்தால் அவற்றை நீக்கிவிட வேண்டும். அவை கோப்பின் பெயரைச் சேர்ந்தவை அல்ல.

இரண்டாம் படி, தளத்தின் பெயரையும் அப்லோட்ஸ் வரையுள்ள பகுதியையும் வெட்ட வேண்டும். மீதியாவது 2023/05/பரிசளிப்பு-1024×768.ஜேபிஜி என்ற சிறு பாதை. தரவுத்தளத்தில் முழு முகவரி எழுதப்படுவதில்லை. இந்தச் சிறு பாதையே எழுதப்படுகிறது. இதனால் ஒரு நன்மை உண்டு. நாளை தளத்தின் பெயர் மாறினாலும் இந்தப் பாதை மாறாது.

மூன்றாம் படி, அந்தப் பாதையை உள்ளபடியே போஸ்ட்மெட்டா அட்டவணையிற் கேட்டுப் பார்க்க வேண்டும். கேள்வியைத் தமிழிற் சொன்னால் இப்படி இருக்கும்: இணைத்த கோப்பு என்ற விவரத்தின் பெறுமானம் இந்தப் பாதைக்குச் சமனாக இருக்கும் வரி எது? அந்த வரி எந்தப் பதிவிலக்கத்துக்கு உரியது? விடை கிடைத்தால் வேலை முடிந்தது.

வால் வெட்டாமல் முதலில் கேட்பது ஏன்? சிலர் தாமே 1200×600 என்று பெயரில் எழுதி, அப்படியே ஏற்றுவார்கள். அங்கே அந்த எண்கள் பெயரின் பகுதி. முன்கூட்டியே வெட்டினால், இருக்கும் பதிவையும் இல்லையென்று முடிவு செய்துவிடுவோம்.

நான்காம் படி, விடை கிடைக்காவிட்டால் வாலை வெட்ட வேண்டும். கோடு, எண், எக்ஸ், எண் என்று பெயரின் கடைசியில் வரும் பகுதியை மாத்திரம் நீக்கிவிட்டு, 2023/05/பரிசளிப்பு.ஜேபிஜி என்று மறுபடியும் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி, அதுவும் இல்லையென்றால் பெயரின் வாலில் ஸ்கேல்ட் என்பதைச் சேர்த்துக் கேட்க வேண்டும். பெரிய படங்களுக்குத் தரவுத்தளத்தில் எழுதப்படுவது மூலக் கோப்பின் பெயரல்ல, குறைத்த பிரதியின் பெயரே. ஆனால் சிறு பிரதிகள் மூலப் பெயரிலிருந்து பிறப்பதால் அவற்றின் பெயரில் ஸ்கேல்ட் என்பது இருக்காது. எமது படம் கமராவில் எடுத்த பெரிய படம். ஆகவே மூன்றாம் படியிலும் நான்காம் படியிலும் விடை வரவில்லை. ஐந்தாம் படியில் வந்தது. இலக்கம் 1847.

ஆறாம் படி சரிபார்த்தல். ஒவ்வொரு படத்தின் பதிவிலும் அதன் பிரதிகளின் பெயர்ப் பட்டியல் இருக்கும். நாம் தொடங்கிய கோப்பின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், கிடைத்த இலக்கம் சரியானது. அழிப்பதற்கு முன் இந்தப் படியைத் தவறவிடவே கூடாது. வேறொரு பிள்ளையின் படத்தை அழித்துவிட்டு, கேட்டவரின் படத்தை விட்டுவைப்பதை விட, ஒரு நிமிடம் செலவழித்துப் பார்ப்பது மேல்.

இவற்றிற் சிலவற்றைச் செய்து தரும் ஒரு செயற்கூறு வேர்ட்பிரஸுக்குள்ளேயே உண்டு. 2014ஆம் ஆண்டு வந்த 4.0 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. அட்டாச்மன்ட் யூஆர்எல் டு போஸ்ட் ஐடி என்பது அதன் பெயர். முகவரியைக் கொடுத்தால் இலக்கத்தைத் தரும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் பூச்சியத்தைத் தரும். ஆனால் அது செய்வது இரண்டாம், மூன்றாம் படிகளை மட்டுமே. அளவு வாலுள்ள முகவரியைக் கொடுத்தால் பூச்சியமே விடையாக வரும். பூச்சியம் வந்ததென்றால் படம் இல்லையென்று பொருளல்ல. அந்தப் பெயரில் பதிவு இல்லை என்பதே பொருள். பலர் இங்கேதான் தேடலை நிறுத்திவிடுகிறார்கள்.

வழி தவறும் இடங்கள்

குறுக்கு வழி ஒன்றைச் சிலர் சொல்லித் தருவார்கள். போஸ்ட்ஸ் அட்டவணையில் ஜியுஐடி என்றொரு புலம் உண்டு. அதில் முழு இணைய முகவரி போன்ற ஒன்று எழுதப்பட்டிருக்கும். அதிலேயே தேடினால் என்ன என்று தோன்றும். ஆனால் அந்தப் புலம் முகவரியாகப் பயன்படுவதற்கு வைக்கப்பட்டதல்ல. ஒரு பதிவு உருவானபோது இடப்பட்ட நிரந்தர முத்திரை அது. பின்னர் தளத்தின் பெயர் மாறினாலும், எச்ரீரிபியிலிருந்து பாதுகாப்பான எச்ரீரிபிஎஸ்ஸுக்கு மாறினாலும், முத்திரை பழையபடியே இருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் உள்ள முகவரிக்கு இன்றைக்குக் கடிதம் போடுவது போன்றது அங்கே தேடுவது.

அடுத்த இடம் ஒரே பெயர். ஒரே மாதத்தில் ஒரே பெயருடைய இரண்டு கோப்புகளை ஏற்றினால், இரண்டாவதன் வாலில் 1 என்ற எண் தானாகச் சேரும். பரிசளிப்பு.ஜேபிஜி, பரிசளிப்பு-1.ஜேபிஜி என்று இரண்டு வெவ்வேறு படங்கள், இரண்டு வெவ்வேறு இலக்கங்கள். ஆகவே வாலிலுள்ள எல்லா எண்களையும் வெட்டிவிடக் கூடாது. நடுவே எக்ஸ் எழுத்துடன் சோடியாக வரும் எண்களை மட்டுமே வெட்ட வேண்டும்.

மூன்றாவது, எமக்கே உரிய சிக்கல். கோப்புக்குத் தமிழெழுத்தில் பெயர் வைத்தால், முகவரியைப் பிரதிசெய்து ஒட்டும்போது அது சதவீதக் குறிகளும் எழுத்துகளும் எண்களும் கலந்த நீண்ட கோவையாக மாறிவிடும். யூனிகோட் முறையில், யூரீஎப்-8 குறியாக்கத்தில், ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள் தேவை. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துருக்களால் எழுதப்படுகிறது. அப்படியானால் ஒரு குறியீட்டுக்கு ஒன்பது. பரிசளிப்பு என்ற சொல்லில், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணினால், பத்துக் குறியீடுகள். ஆகவே அந்த ஒரு சொல் முகவரியில் தொண்ணூறு எழுத்துருக்களாக நீண்டுவிடும். தரவுத்தளத்தில் தமிழாகவே இருக்கும் பெயரை இந்தக் கோவையால் தேடினால் கிடைக்காது. முதலில் மறுபடியும் தமிழாக்கிவிட்டுத் தேட வேண்டும். கோப்புகளுக்கு எளிய ஆங்கில எழுத்துப் பெயர் வைக்கும் வழக்கத்துக்குக் காரணம் தமிழில் குறையிருப்பதல்ல, இந்த நீளந்தான்.

நிரல் எழுதாமலே இரு வழிகள்

எல்லோரும் தரவுத்தளத்துக்குள் இறங்க வேண்டியதில்லை. நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய அனுமதியுள்ளவர், ஊடக நூலகத்தின் தேடற்பெட்டியில் கோப்பின் பெயரை வாலில்லாமல் இட்டுப் பார்க்கலாம். படத்தை அமத்தியதும் உலாவியின் முகவரிப் பட்டியில், ஐட்டம் என்ற சொல்லுக்குப் பின் சமன் குறியும் ஓர் எண்ணும் தோன்றும். அந்த எண்தான் இலக்கம். அங்கே காட்டப்படும் படத்தையும் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

படம் ஒரு பக்கத்தில் இன்னும் இருக்குமானால் அதைவிட இலகுவான வழி ஒன்றுண்டு. பக்கத்தின் மூலநிரலைத் திறந்து, படத்தின் முகவரி எழுதப்பட்ட இடத்தைத் தேடுங்கள். செய்தியின் உள்ளே வேர்ட்பிரஸ் ஒரு படத்தை வைக்கும்போது, பெரும்பாலும் அதே வரியில் டபிள்யூபி-இமேஜ் என்று தொடங்கி இலக்கத்துடன் முடியும் ஓர் அடையாளத்தையும் எழுதிவைக்கும். அங்கே 1847 என்று இருந்தால் தேடல் முடிந்தது. இதற்கு நிர்வாக அனுமதியும் வேண்டாம். எமது விடயத்தில் பக்கம் ஏற்கெனவே நீங்கியிருந்ததால் இது உதவவில்லை.

இலக்கம் கிடைத்த பின்

இலக்கம் கையில் வந்ததும் உடனே அழித்துவிடவில்லை. அந்தப் படம் வேறெங்கே பயன்படுகிறது என்று முதலிற் பார்த்தோம். ஒரு செய்தியின் முகப்புப் படம் எது என்பதை வேர்ட்பிரஸ் முகவரியாக அல்ல, இலக்கமாகவே குறித்துவைக்கும். ஆகவே 1847ஐ முகப்புப் படமாகக் கொண்ட பதிவுகளைக் கேட்டோம். வருடாந்தச் சாதனைகள் பற்றிய இன்னொரு செய்தியில் அதே படம் இருந்தது. முகவரியை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் அது கண்ணிற் பட்டிராது. அங்கே கேடயங்கள் அடுக்கிய மேசையின் படம் ஒன்றை மாற்றிவைத்தோம்.

அதன் பிறகு, பொறுப்பாசிரியையின் முன்னிலையில், ஊடக நூலகத்திலிருந்து அந்தப் பதிவை நிரந்தரமாக நீக்கினோம். பதிவினூடாக நீக்கும்போது, அதன் பட்டியலில் உள்ள பிரதிகளும் மூலக் கோப்பும் சேர்ந்தே அழியும். கோப்புறைக்குள் போய்க் கையால் ஒரு கோப்பை அழித்தால் இது நடக்காது. இலக்கத்தைத் தேடி இவ்வளவு மினக்கெடுவதன் முழுப் பயனும் இதுவே. வழமையான அமைப்பில் படங்களுக்குக் குப்பைக்கூடை கிடையாது; அழித்தால் அழித்ததுதான். முடிந்த பின் ஒவ்வோர் அளவின் முகவரியையும் தனித்தனியே திறந்து பார்த்தோம். எட்டிலும் ‘காணப்படவில்லை’ என்ற 404 செய்தியே வந்தது.

மூலக் கோப்பும் போய்விட்டதா என்று உறுதிசெய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொலைபேசியில் இருப்பிட வசதி இயங்கும்போது எடுக்கும் படத்துக்குள், எடுத்த நேரத்தோடு எடுத்த இடத்தின் ஆள்கூறுகளும் பதிந்திருக்கலாம். மூலக் கோப்பில் அவை அப்படியே இருக்கும். ஸ்கேல்ட் என்ற சொல்லை முகவரியிலிருந்து நீக்கிப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் அந்த மூலம் எட்டிவிடும்.

இதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அந்த வாப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை. எமது சேவையகத்திலிருந்து நீங்கியது என்று மட்டுமே சொன்னோம். ஏற்கெனவே பார்த்தவரின் உலாவியில் ஒரு பிரதி சில காலம் தங்கலாம். தேடுபொறி தன் பட்டியலிற் சிறு பிரதி வைத்திருக்கலாம். மூலப் படம் நீங்கிய பின், காலாவதியான அந்தப் பிரதியை எடுத்துவிடுமாறு கூகிளிடம் கோருவதற்குத் தனிப் பக்கம் உண்டு. அந்தக் கோரிக்கையையும் அனுப்பினோம். எவராவது பதிவிறக்கி வட்சப்பில் அனுப்பியிருந்தால் அது எமது கைக்கு எட்டாதது. உண்மை அளவைச் சொல்வதுதான் நம்பிக்கைக்கு நல்லது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “விளங்குது மகள். உங்கட பக்கத்தால செய்ய ஏலுமானத செஞ்சிருக்கீங்க” என்றார்.

பெற்றோருக்கும் தோழியருக்கும்

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எந்த இணையத்தளத்திலாவது ஒரு படத்தை நீக்கக் கேட்கும்போது, திரைப்பிடிப்பை மட்டும் அனுப்பாதீர்கள். படத்தின் மேல் அழுத்திப் பிடித்து, படத்தைப் புதிய பக்கத்தில் திறந்து, அதன் முழு முகவரியைப் பிரதிசெய்து அனுப்புங்கள். திரைப்பிடிப்பு முகத்தைக் காட்டும். முகவரி பதிவைக் காட்டும். ‘எல்லா அளவுகளையும் மூலத்தையும் சேர்த்து நீக்குங்கள்’ என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். நீக்கியதாகப் பதில் வந்ததும் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஒருவர் தம்மைப் பற்றிய தரவை அழிக்குமாறு கேட்பதை உரிமையென்று அது பேசுகிறது.

கழகங்களுக்காகப் படம் ஏற்றும் தோழியருக்கும் சில வார்த்தைகள். கோப்பின் பெயரில் பிள்ளையின் பெயரை எழுதாதீர்கள். முகவரியை வாசிப்பவர் எவருக்கும் அது தெரியும். நிகழ்வு, திகதி, வரிசை எண் போதும். ஏற்றுவதற்கு முன்பே படத்தை அளவு குறைத்து, இருப்பிட விவரத்தை நீக்குங்கள். அனுமதி பெற்ற படங்களை மட்டும் ஏற்றுங்கள். ஏற்றியதும் ஒரு கொப்பியில் நான்கு விடயங்களை எழுதிவையுங்கள்: திகதி, நிகழ்வு, கோப்பின் பெயர், அடையாள இலக்கம். நாங்கள் சென்ற தவணையிலிருந்து அப்படியொரு கொப்பி வைத்திருக்கிறோம். எண்பது பக்கக் கொப்பி, கடையில் வாங்கியது. மேலே சொன்ன ஆறு படிகளும் அந்தக் கொப்பி இல்லாத காலத்துப் படங்களுக்குத்தான் தேவைப்படுகின்றன. ஊடகக் குழுவில் அடுத்த வருடம் சேரவிருக்கும் தங்கச்சிமார், முதல் நாளிலேயே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.